கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி: கடலோரக் காவலர் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரக் காவல் நிலையங்களில் பணியாற்றும் காவலர்களுக்கும், அவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் ஏட்டுகள், சார்பு ஆய்வாளர்களுக்கும் எழுதியது இது. நெருக்கமான தூரம் என்று இங்கே சொல்வது பத்து மீட்டருக்கு உட்பட்டது. ஒரு விசைப்படகின் நீளம்கூட வராது.

அந்தத் தூரத்தில் குறி தவறி மட்டும் காரியம் கெடுவது குறைவு. இடுப்பில் கட்டும் துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டரிலிருந்து ஆயுதம் வெளியே வராது. பின்வாங்கும் கால் வலையில் சிக்கும். மூன்று பேர் மூன்று கட்டளைகளைக் கத்துவார்கள். எதிரே நிற்பவர் கையில் இருப்பது என்னவென்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனை இருந்தும், பல பயிற்சிகள் தோட்டாவில் தொடங்கித் தோட்டாவிலேயே முடிகின்றன. கீழே உள்ள வரிசையில் உண்மைத் தோட்டா எட்டாவது படியில்தான் வருகிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் ஆபத்தைக் குறைப்பதால் வரிசையை மாற்ற வேண்டாம். துறையின் நிலையாணைகளும் தகுதி பெற்ற பயிற்றுநரும், ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரரும் உடனிருப்பார்கள் என்ற அடிப்படையில்தான் எல்லாமே எழுதப்பட்டிருக்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உடை. பயிற்சி என்றால் விளையாட்டுச் சட்டையும் கான்வாஸ் ஷூவும் அணிந்து வந்துவிடுகிறார்கள். பணியில் எதை அணிகிறார்களோ அதையே அணிந்து வரச் சொல்லுங்கள்: சீருடை, பெல்ட், அதே ஹோல்ஸ்டர், டார்ச், வயர்லெஸ் கருவி. ரோந்துப் படகில் செல்பவர்கள் உயிர்காப்பு அங்கியையும் கொண்டுவர வேண்டும். அங்கியின் கீழ்விளிம்பு இடுப்பு ஹோல்ஸ்டரின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். துப்பாக்கியைத் தேடும் கை அங்கியின் வாரைப் பிடிக்கும். இதைக் கரையிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

அடுத்தது பொருள்கள். பார்த்தவுடனே மாதிரி என்று தெரியும் நிறத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கிகள், டம்மி தோட்டாக்கள், காதுக் கவசம், கண்ணைக் காக்கும் கண்ணாடி, ரத்தக்கசிவை நிறுத்தும் கட்டுகளும் இறுக்குப் பட்டையும் உள்ள முதலுதவிப் பெட்டி, சாவியோடு தயாராக நிற்கும் ஒரு வாகனம். வாகனத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். காயம்பட்ட பிறகு ஓட்டுநரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

காதுக் கவசம் இல்லாமல் ஒரு ரவுண்டும் சுடவிடாதீர்கள். கைத்துப்பாக்கியின் ஓசை 150 டெசிபெலைத் தாண்டும். பஞ்சை அடைத்துக்கொண்டு சமாளிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். ஓய்வுபெறும் வயதில் பேரப்பிள்ளையின் பேச்சு கேட்காமல் போவது இதனால்தான்.

2. சட்டத்தை முதல் வகுப்பிலேயே பேசிவிடுங்கள்

இதைக் கடைசி வகுப்புக்குத் தள்ளினால் யார் காதிலும் ஏறாது. எப்போது சுடக் கூடாது என்பது தெரியாதவருக்கு எப்படிச் சுடுவது என்று கற்றுக்கொடுப்பது ஆபத்து.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்புரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை படித்தவர்கள் எண்களை மாற்றி நினைவில் வைத்தால் போதும். பிரிவு 37-ஐ எல்லோரும் படிக்க வேண்டும்: தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு விளைவிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. உயிரைப் பறிக்கும் அளவுக்கு இந்த உரிமை எப்போது நீளும் என்பதைப் பிரிவு 38 சொல்கிறது. கொடுங்காயம் அல்லது சாவு நேரும் என்ற நியாயமான அச்சம் அங்கே அடிப்படை.

கைது செய்வது பற்றி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 43 பேசுகிறது. எதிர்ப்பவரைக் கைது செய்யத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரைக் கொல்லும் உரிமையை இந்தப் பிரிவு தராது. கடத்தும் கடல் அட்டை மூட்டையோடு சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடுபவரின் முதுகில் சுட முடியாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. புதியவர்கள் இதே வரியைத் தலைகீழாகவும் படிக்கிறார்கள்: “அப்படியானால் கொலை வழக்குக் குற்றவாளி ஓடினால் சுடலாமா, ஐயா?” அதற்கும் உரிமம் இல்லை. தேவை என்ற அளவுகோல் அங்கேயும் நிற்கிறது. அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

“காலில் சுட்டால் போதுமே” என்பது இன்னொரு வழக்கமான பேச்சு. தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். ஓடும் கால் சிறிய இலக்கு. தவறிய குண்டு தரையில் பட்டுத் தெறித்து வேறு யாரையாவது எட்டும். காலைக் குறிபார்த்துச் சுடும் அளவுக்கு அவகாசம் இருந்தால், பெரும்பாலும் சுடாமலேயே முடித்திருக்கலாம் என்பது என் கருத்து.

3. உங்கள் இடுப்பில் இருப்பது எந்தத் துப்பாக்கி?

ஒரே நிலையத்தில் மூன்று வகை இருக்கலாம். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தவறு செய்யும். ஆகவே யார் எதைப் பணியில் வைத்திருக்கிறாரோ அதில்தான் பயிற்சி.

இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. ஆட்டோ பிஸ்டல் 13 தோட்டா பிடிக்கும். தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலான ஹேமர் பின்னால் இழுக்கப்பட்டிருந்தால்தான் முதல் தோட்டா வெடிக்கும். பக்கவாட்டில் கட்டைவிரல் சேஃப்டி உண்டு. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாது. இந்த வசதியே ஒரு கெட்ட பழக்கத்தை வளர்க்கிறது: மேகசினை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று கை நம்பத் தொடங்கிவிடுகிறது.

அதே நம்பிக்கையோடு கிளாக் 17-ஐத் தொட்டால் விபத்துதான். மேகசின் வெளியே இருந்தாலும் குழலின் பின்முனை அறையான சேம்பரில் உள்ள தோட்டா விசையை அழுத்தியவுடன் வெடிக்கும். வெளியே தெரியும் கட்டைவிரல் சேஃப்டியும் கிடையாது. சுத்தம் செய்யப் பிரிப்பதற்கு முன் விசையை அழுத்தியாக வேண்டிய அமைப்பு அது; அதனால் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்காமல் யாரும் பிரிக்கக் கூடாது.

.38 ரிவால்வர் 6 தோட்டா பிடிக்கும். தோட்டா சிக்கி அடைப்பது குறைவு, ஆனால் விசை கனம். அவசரத்தில் விசையை வெடுக்கென்று இழுப்பவர்களின் குண்டு கீழே போகும். இடக்கைக் கட்டைவிரலைச் சிலிண்டருக்கு முன்னால் வைப்பவர்களையும் கவனியுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தில் சூடான வாயு பீறிடும்.

4. உப்பும் மணலும்

உள் மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வருபவர்கள் இங்கே ஏமாறுவது பராமரிப்பில்தான். பாம்பன் காற்றில் உப்பு இருக்கிறது என்று தெரியும். தோல் ஹோல்ஸ்டர் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதை நினைப்பதில்லை. இரவு முழுவதும் அதிலேயே கிடந்த பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடில் துரு பிடித்துவிடும். பணி முடிந்ததும் உறையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தனியே வைக்க வேண்டும்.

துருவுக்குப் பயந்து எண்ணெயை ஊற்றுவது எதிர்முனைத் தவறு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் பறக்கும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள்போல ஸ்லைடை உராயும். மெல்லிய பூச்சு போதும். மேகசினுக்குள் எண்ணெயே வேண்டாம், துடைத்தால் போதும். தோட்டாவிலும் எண்ணெய் படக் கூடாது, அதன் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமர் கெட்டுவிடும்.

அலையில் நனைந்து திரும்பினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பூச்சிட்டு ஆர்மரரிடம் காட்டுங்கள். மறுநாள் என்று விட்டுவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

5. சுடும் இடத்தைத் தயார் செய்தல்

2021 டிசம்பர் கடைசியில், பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், நார்த்தாமலைப் பக்கத் துப்பாக்கிச் சுடும் தளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்தான். இடத்தைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் இதைச் சொல்லுங்கள். 9 மி.மீ. குண்டும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடியது.

நம் மாவட்டம் தட்டையானது. பின்னால் குன்று இல்லை. மண்மேடு கட்டியாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தளமாக இருந்தாலும் அன்று காலை நீங்களே சுற்றிப் பாருங்கள். ஐப்பசி மழையில் மேடு கரைந்து உயரம் குறைந்திருக்கும். முகப்பில் கல் தெரிந்தால் குண்டு தெறிக்கும். பழைய குண்டுகள் திரண்டு கிடந்தாலும் அப்படியே.

மேட்டுக்குப் பின்னால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்கள் இருக்கலாம். ஆடு மேய்ப்பவர்கள் சிவப்புக் கொடியைப் பொருட்படுத்தமாட்டார்கள். பனைமரங்களை அண்ணாந்து பாருங்கள். பதநீர் இறக்கும் பருவத்தில் மேட்டைவிட உயரத்தில் ஒருவர் இருப்பார். காவலுக்கு நிறுத்தப்படும் ஆளிடம் விசிலும் வயர்லெஸ்ஸும் கொடுத்து, ‘நிறுத்து’ என்று யார் சொன்னாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள். பதவி வித்தியாசம் அந்த ஒரு சொல்லுக்குக் கிடையாது.

“கடலைப் பார்த்துச் சுட்டால் பாதுகாப்புதானே?” என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்கிறார். தாழ்ந்த கோணத்தில் நீர்ப்பரப்பில் படும் குண்டு உள்ளே இறங்காமல் எகிறிப் போகும். அந்தப் பக்கம் நண்டுவலைக்காரரின் வள்ளம் இருக்கும். கடல் ஒருபோதும் மண்மேடு ஆகாது.

6. வெறும் துப்பாக்கியோடு

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பலரும் இதைச் சலிப்பாக நினைத்துத் தாண்டுகிறார்கள்.

அறைக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பையிலும் சட்டைப் பாக்கெட்டிலும் உள்ளவை வெளியே மேசைக்குப் போக வேண்டும். பிறகு காலி செய்யும் வரிசை: துப்பாக்கிமுனை மணல்மூட்டைப் பக்கம், மேகசின் வெளியே, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டு, சேம்பரைப் பார், விரலை விட்டுத் தடவு, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டு. ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வெளியேறிய தோட்டாவைப் பார்த்துத் திருப்தி அடைவார்கள். அதற்குள் மேகசினிலிருந்து அடுத்தது ஏறியிருக்கும்.

அடுத்தது பிடி. கை உயரத்தில், குழலின் கோட்டுக்கு நெருக்கமாக. கீழே பிடித்தால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் முனை துள்ளும். சுட்டுவிரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் சட்டகத்தின் மேல் நீட்டியபடி. கால் தடுக்கினாலோ யாராவது கத்தினாலோ கை தானாக இறுகும்; விரல் உள்ளே இருந்தால் அந்த இறுக்கமே சுட்டுவிடும்.

உருவுவதை நான்கு எண்ணிக்கையாகப் பிரியுங்கள். ஒன்று: வலக்கை முழுப் பிடியையும் ஹோல்ஸ்டரிலேயே பிடிக்கிறது, இடக்கை நெஞ்சுக்கு வருகிறது. இரண்டு: நேராக மேலே. மூன்று: முனை முன்னோக்கித் திரும்பி, கைகள் நெஞ்சருகே சேர்கின்றன. நான்கு: கைகள் நீள்கின்றன. இடக்கையை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொல்வதற்குக் காரணம், அது சும்மா தொங்கினால் முனையின் பாதையில் குறுக்கே வரும். எண்ணிக்கை சொல்லி மெதுவாகச் செய்யுங்கள். வேகம் கேட்காதீர்கள். வேகம் கேட்டவுடன் ஒன்றும் இரண்டும் கலந்து, பாதிப் பிடியோடு துப்பாக்கி வெளியே வரும்.

திரும்ப ஹோல்ஸ்டரில் வைப்பது தனிப் பாடம். உருவுவதைவிட வைக்கும்போதுதான் தொடையில் சுட்டுக்கொள்கிறார்கள். சட்டை நுனியோ மழைக்கோட்டின் கயிறோ விசைக்கூட்டில் நுழைந்திருக்கும். நின்று, சுற்றிலும் பார்த்து, விரல் வெளியே என்று உறுதி செய்து, மெதுவாக வைக்க வேண்டும். அவசரமாக வைக்க வேண்டிய சூழ்நிலை எதுவுமே கிடையாது.

7. கால், கை, குரல்

இங்கே பிளாஸ்டிக் துப்பாக்கி மட்டும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும் எந்தப் பயிற்சியிலும் உண்மை ஆயுதம் அந்த வளாகத்திலேயே இருக்கக் கூடாது, காலியாக இருந்தாலும்.

1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்றுநர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடக்கிறார். பயிற்சி பெற்ற காவலர் உருவிச் சுடுவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகிறது. பயிற்சி பெறுபவர்களை ஜோடியாக நிறுத்தி இதைச் செய்து காட்டுங்கள், நம்பாதவர்கள் நம்புவார்கள். ஆனால் ‘21 அடிக்குள் கத்தி வந்தால் சுடலாம்’ என்று இதைச் சட்டமாக்கிக்கொள்பவர்கள் உண்டு. தூரம் மட்டும் எந்த உரிமையும் தராது. அந்தக் கணக்கு சொல்வது, இவ்வளவு அருகே போய் நின்றுகொண்டு கையை மட்டும் நம்பாதே என்பதே.

ஆகவே கால் முதலில். நேர் பின்னால் ஓடாதீர்கள். எதிரியின் முன்னோட்டத்துக்கு உங்கள் பின்னோட்டம் ஈடாகாது, மணலில் குதிகால் புதைந்து விழுவீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து, இடையில் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள்: ஐஸ் பெட்டி, படகின் அணியம், ஜீப்பின் கதவு. தடுக்கும் பொருளுக்கும் மறைக்கும் பொருளுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். பைபர் படகின் பக்கச் சுவர் உங்களை மறைக்கும், குண்டைத் தடுக்காது. ஓலைத் தட்டியும் அப்படியே. ஜீப்பின் என்ஜின் பகுதி தடுக்கும்.

அடுத்து கை. எதிரி தொடும் தூரத்துக்கு வந்துவிட்டால் கைகளை நீட்டித் துப்பாக்கியைக் காட்டுவது, அதை அவரிடம் கொடுப்பதற்குச் சமம். விலாவோடு ஒட்டிப் பிடித்து, மற்றொரு கையால் தலையைக் காத்துக்கொண்டு தள்ளி விலக வேண்டும். துப்பாக்கியை உடம்போடு இணைக்கும் லேன்யார்டு கயிறு அணிவதைப் பழைய வழக்கம் என்று கேலி செய்கிறார்கள். படகில் அது இல்லாவிட்டால் பிஸ்டல் கடலடியில் கிடக்கும்.

குரலுக்கு ஒரே விதி: ஒருவர் மட்டும் பேச வேண்டும். “கையைத் தூக்கு”, “அசையாதே”, “கத்தியைக் கீழே போடு” என்று மூவர் கத்தினால், கையைத் தூக்குபவர் அசைந்துவிட்டார் என்று இன்னொருவர் சுடுவார். ரோந்து கிளம்பும்போதே யார் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். வெளிப்பொருத்து என்ஜின் ஓடும் படகில் உங்கள் குரல் கேட்காது. கீழ்ப்படியவில்லை என்று நினைப்பதற்கு முன் என்ஜினை நிறுத்தச் சைகை செய்யுங்கள்.

8. இப்போது தோட்டா

ஒரு பயிற்றுநருக்கு இரண்டு சுடுநர். அதற்கு மேல் கண் போகாது.

மூன்று மீட்டரில் தொடங்குங்கள். இவ்வளவு அருகிலா என்று சிரிப்பார்கள். அந்தத் தூரத்தில் தவறு எங்கே என்று துளையே சொல்லிவிடும்: வலக்கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கம் கீழே குவிந்தால் வெடிச் சத்தத்தை எதிர்பார்த்துக் கையை அழுத்துகிறார். அவருக்குத் தெரியாமல் மேகசினில் இடையே ஒரு டம்மி தோட்டாவைச் சேருங்கள். வெடிக்காதபோது முனை கீழே குனிவதை அவரே பார்ப்பார். நீங்கள் திட்டத் தேவையில்லை.

இங்கே ஒரு ரவுண்டு, பிறகு இரண்டு, பிறகு நகர்ந்து நின்று இரண்டு. உள்ளங்கை அளவுக்குள் குண்டுகள் விழுந்த பிறகே ஐந்து மீட்டர், பிறகு ஏழு. நடந்துகொண்டே சுடுவதைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நகர், நில், சுடு என்பதே போதும்.

சுட்டு முடித்ததும் இலக்கு அட்டையைப் பார்க்கத் தலையைத் திருப்புவார்கள்; உடம்பும் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும். இந்தப் பழக்கத்தை முதல் ரவுண்டிலேயே வெட்ட வேண்டும். காலித் தோட்டா உறைகளை எண்ணி ஒப்படைக்காமல் யாரும் தளத்தை விட்டுப் போகக் கூடாது. சாப்பிடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது.

9. அடைப்பு

மணல் நிலத்தில் இது கட்டாயம் வரும். டம்மி தோட்டாவைக் கலந்து, மேகசினை அடியில் தட்டி, ஸ்லைடை முழுவதும் இழுத்துவிட்டு மீண்டும் குறிபார்க்கும் வரிசையைப் பழக்குங்கள். ஸ்லைடைக் கையோடு சேர்த்து முன்னால் கொண்டுபோவது தவறு. இழுத்து விட்டுவிட வேண்டும், சுருள்வில் தன் வேலையைச் செய்யும்.

தளத்தில் வெடிக்காத தோட்டாவுக்கு வேறு விதி. முனை மேட்டைப் பார்த்தபடி 30 நொடி காத்திருக்க வேண்டும்; தாமதமாக வெடிக்கக் கூடும். சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் உடனே நிறுத்தி ஆர்மரரை அழையுங்கள். குழலுக்குள் குண்டு சிக்கியிருந்தால் அடுத்த ரவுண்டு குழலையே பிளக்கும்.

10. சுடாமலிருக்கப் பழகுதல்

கறுப்பு மனித உருவம் அச்சடித்த அட்டையை மட்டும் சுட்டுப் பழகியவர், மனித உருவம் தெரிந்தாலே சுடப் பழகியிருக்கிறார். அட்டைகளை நீங்களே தயாரியுங்கள். இந்தக் கரையில் கையில் இரும்பு இல்லாத ஆணைப் பார்ப்பது அரிது. வலை அறுக்கும் கத்தி மீனவரின் இடுப்பிலேயே இருக்கும். பனையேறியிடம் பாளை அரிவாள். மீன் சந்தையில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா. இவர்கள் எல்லோரும் அட்டையில் இருக்க வேண்டும். செல்பேசி, டார்ச், மடித்த குடை பிடித்தவர்களும்.

அட்டை திரும்பியதும் முதல் பார்வை முகத்துக்கு அல்ல, கைகளுக்குப் போக வேண்டும். பிறகு அந்தக் கை என்ன செய்கிறது என்பதற்கு. பிறகு பின்னால் யார் இருக்கிறார் என்பதற்கு. உறையிட்ட 9 மி.மீ. குண்டு ஓர் உடலைக் கடந்தும் போகலாம். கீழக்கரையின் ஒடுங்கிய தெருவில் பின்னால் ஒரு வீட்டு வாசல் எப்போதும் இருக்கும்.

மதிப்பெண் முறையையும் மாற்றுங்கள். சுட வேண்டிய அட்டையைத் தவறவிட்டால் மதிப்பெண் குறையும். சுடக் கூடாத அட்டையைத் தொட்டால் அந்தச் சுற்றே தோல்வி. “ஐயா, நேரில் இவ்வளவு யோசிக்க முடியாதே” என்பார்கள். நேரில் யோசிக்க முடியாது என்பதால்தான் இங்கே யோசிக்கிறோம்.

இரவில் கரையேறுபவர்களைப் பற்றித் தனியே பேசுங்கள். 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது தனுஷ்கோடி மணல் திட்டுகளில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் இறக்கிவிடப்பட்டன. அவர்கள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தை நோக்கி ஓடி வருவார்கள். அது தாக்குதல் அன்று. குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருக்கும் பெண்ணின் உருவத்தை மங்கிய வெளிச்சத்தில் ஓர் அட்டையாக வையுங்கள். பலர் அந்த அட்டையில்தான் தோற்கிறார்கள்.

11. ஒத்திகை

வாயிலில் ஒருவர் நின்று எல்லோரையும் தடவிச் சோதிக்க வேண்டும், பயிற்றுநரையும் சேர்த்து. “என்னையுமா, ஏட்டய்யா?” என்று ஆய்வாளர் கேட்டாலும். உள்ளே போனபின் வெளியே போய் வந்தவருக்கு மறுபடியும் சோதனை.

காட்சிகள் மூன்று போதும். கரையில் இழுத்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னால் ஒருவர். ஜீப்பின் பக்கவாட்டுக் கதவைத் திறக்கும்போது ஒருவர். மிதக்கும் படகிலிருந்து இன்னொரு படகுக்கு ஏறும்போது ஒருவர். மூன்றாவதைக் கரையில் இரண்டு படகுகளை அடுத்தடுத்து வைத்துப் பழகிவிட்டு, பிறகு கட்டிய நிலையில் நீரில் செய்யுங்கள். ஏறுபவருக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் அவர் துப்பாக்கியை உருவியபடி ஏறக் கூடாது. பாதுகாக்கும் வேலை பின்னால் நிற்பவருடையது. அவர் முனை முன்னால் ஏறுபவரின் முதுகைக் கடக்கிறதா என்று பாருங்கள். கடக்கும். தானாகத் திருந்தும் வரை அதே காட்சியைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

காட்சிகளில் பாதிக்கு மேல் பேச்சிலேயே முடியும்படி அமையுங்கள். எதிரியாக நடிப்பவர் கத்தியைப் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு காட்சியும் சுடுவதில் முடிந்தால், காவலர் அதையே எதிர்பார்த்துக் கிளம்புவார்.

12. சுட்ட பிறகு

ஒத்திகை ‘டுமீல்’ என்ற சத்தத்தோடு நிற்கக் கூடாது. அடுத்த பத்து நிமிடங்களையும் நடித்துப் பார்க்க வேண்டும்: சுற்றிலும் பார், ஆயுதத்தை எட்டாத தூரத்துக்கு விலக்கு, காயம்பட்டவரின் ரத்தத்தை நிறுத்து, 108-ஐயும் கட்டுப்பாட்டு அறையையும் அழை. காயம்பட்டவர் யாராக இருந்தாலும் மருத்துவ உதவி கடமை.

காவல்துறை மோதல் (என்கவுண்டர்) சாவுகள் குறித்து 2014-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) – மகாராஷ்டிர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த 16 நெறிகளை ஒவ்வொருவரும் அறிய வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகும். சி.ஐ.டி. அல்லது வேறொரு நிலையத்தின் குழு விசாரிக்கும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை நடக்கும். சுட்டவர்கள் ஆயுதங்களை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கிடையாது. இதைக் கேட்டதும் சிலர் முகம் வாடும்; அந்த முகங்களைக் குறித்துக்கொண்டு அவர்களோடு தனியே பேசுங்கள்.

ஒத்திகை முடிந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியே, மற்றவரோடு கலந்து பேசாமல், என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், ஏன் சுட்டேன் அல்லது சுடவில்லை என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். ‘தற்காப்புக்காகச் சுட்டேன்’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். கைகள் எங்கே இருந்தன, தூரம் எவ்வளவு, வெளிச்சம் எப்படி, பின்னால் யார் என்று கேளுங்கள். எழுத முடியாதவர் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை. அவர் பத்தாவது படிக்குத் திரும்ப வேண்டும்.

13. மறுபயிற்சி

தோட்டா ஒதுக்கீடு உங்கள் கையில் இல்லை. ஆறாவது படி இருக்கிறது. வாரம் ஒருமுறை பணி தொடங்குமுன் பத்து நிமிடம், நான்கு எண்ணிக்கையில் உருவுவதும் திரும்ப வைப்பதும். ஐப்பசி, கார்த்திகையில் தளம் சேறாகிக் கிடக்கும் நாள்களுக்கு இதை நிலையத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மணல்மூட்டை அடுக்கிய சுவர், தோட்டா இல்லாத அறை, காலி என்று இருவர் பார்த்த கையெழுத்து ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும். பயிற்சி முடிந்து தோட்டாவை நிரப்பிய பிறகு ‘கடைசியாக ஒருமுறை’ என்று மறுபடியும் உருவிக் காட்டுபவரை உடனே தடுங்கள். நிலையங்களின் சுவர்களில் துளை விழுவது அந்தக் கடைசி ஒருமுறையில்தான்.